கொளுக்கியில் ஒட்டிய திருநீறு

மூன்றாம் வரிசையில் இருந்த பரமலிங்கம் எழுந்து நின்றார். கழிவறைக்குப் போகத்தான் எழுகிறார் என்று எண்ணி, மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினேன். எனது உரை அப்போதுதான் முடிந்திருந்தது. கைதட்டல் இன்னும் அடங்கவில்லை.

அவர் கழிவறைப் பக்கம் திரும்பவில்லை. கையை உயர்த்தினார்.

"நடுவர் ஐயா, மாஸ்ரரிட்டை ஒரு கேள்வி."

ரொறன்ரோவில் மில்லிக்கன் பகுதியில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் அமைந்த மண்டபம் அது. கீழே சேலைக்கடையும் சாப்பாட்டுக்கடையும் இருக்கின்றன. பிற்பகல் இரண்டு மணியானால் ரோல்ஸ் பொரியும் மணம் படியேறி வந்து பேச்சாளருக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் முதியோர் சங்கம் மாதந்தோறும் அங்குதான் கூடுகிறது. அம்மாதம் பட்டிமன்றம். சந்திரனை நோக்கி ஆட்கள் புறப்படுவதும், அவர்களுள் ஒருவர் இந்நாட்டவர் என்பதும் நாளும் செய்தியாக வந்துகொண்டிருந்த காலமாதலால், மனிதரை விண்வெளிக்கு அனுப்புவது பயனுள்ள செலவா, வீண் செலவா என்பதைத் தலைப்பாக வைத்திருந்தார்கள். வீண் செலவே என்ற அணிக்கு நான் தலைவன்.

"கேளுங்கோ பரமண்ணை," என்றார் நடுவர். "ஆனால் சுருக்கமாக் கேளுங்கோ. கீழ ரோல்ஸ் ஆறுது."

பரமலிங்கம் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"மாஸ்ரர், ஆள் அனுப்புறது வீண் எண்டு இவ்வளவு நேரமும் சொன்னனீர். நல்லாத்தான் சொன்னனீர். அப்ப அண்டைக்கு, என்ர பெண்சாதி பிள்ளை வாறதையும் பாராமல், திரும்பிப் போய் ஏன் உண்மையைச் சொன்னனீர்?"

மண்டபத்தில் இருந்த அறுபது எழுபது பேரில் இக்கேள்வியின் பொருளை அறிந்தவர்கள் இருவர். ஒருவர் கேட்டவர். மற்றவன் நான். அவருக்கு அருகில் இருந்த அவருடைய மனைவி புவனேஸ்வரிக்குக்கூட ஒன்றும் விளங்கவில்லை என்பது அவரது முகத்தில் தெரிந்தது.

வாசகர்களுக்கும் விளங்காது. ஆகவே பழைய காலத்துக்குச் சற்றுத் திரும்ப வேண்டியிருக்கிறது.

மாஸ்ரர் என்ற பெயர்

நான் ஒருநாளும் ஆசிரியனாக இருந்தவனல்லன். பள்ளிப்படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திச் சங்கக்கடையில் நிறுவைக்காரனாக நின்றவன். ஆங்கிலத்தை அகராதியிலிருந்தும் சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாள்களிலிருந்தும் நானாகக் கற்றேன். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஆறு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அவ்வாழ்க்கையைப் பற்றி முன்னைய அத்தியாயங்களில் எழுதியிருக்கிறேன்; இங்கு மீண்டும் விரிக்கவில்லை. குடிவரவுப் பகுதியிலிருந்து வரும் கடிதங்களை ஆறு பேருக்கும் வாசித்துப் பதில் எழுதியவன் நான் என்பதால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த ஆறு பேரில் பரமலிங்கமும் ஒருவர். என்னிலும் இரண்டு வயது மூத்தவர். தச்சு, இரும்பு, மின்சாரம் எதுவானாலும் அவரது கை முதலில் விளங்கிக்கொள்ளும். வாய் பிறகுதான் பேசும், அதுவும் தமிழில் மட்டும்.

அவ்வீட்டில் யாரோ தெருவில் வைத்துவிட்டுப் போன தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது. நிறம் சரியாக வராது. எல்லோரும் பச்சையாகத் தெரிவார்கள். விண்வெளிக்குப் புறப்பட்டவர்கள் திரும்பாமற்போன செய்தியை அப்பெட்டியில்தான் பார்த்தோம். நான் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். பரமலிங்கம் அன்று சமைத்ததைச் சாப்பிடவில்லை. அவர்களது பெயரைக்கூட அவர் அறிந்திருக்கவில்லை. "சிரிச்சுக்கொண்டெல்லோ ஏறினவை," என்று இரண்டு மூன்று முறை சொன்னார்.

கொளுக்கி

சில ஆண்டுகளின் பின் இருவருக்கும் ஸ்டீல்ஸ் வீதிக்கு அண்மையில் இருந்த ஒரு சிறு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பெரிய நிறுவனங்கள் கேட்கும் உலோகச் சாமான்களைச் செய்து கொடுப்பது அதன் தொழில். பெரும்பாலும் வானில் சுற்றும் செய்மதிகளுக்குப் போகும் தாங்கிகளும் மூடிகளும். பரமலிங்கத்தின் கைத்திறனைக் கண்டு அவரைத் தூசியற்ற அறைக்கு எடுத்தார்கள். அவருக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்பதால் என்னையும் கூடவே எடுத்தார்கள். எனது திறமையால் கிடைத்த உயர்வென்று நீண்ட காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்.

தூசியற்ற அறைக்குள் போவது கோயிலுக்குள் போவதிலும் கடினமானது. வெளிச் சப்பாத்தைக் கழற்றி, கை கழுவி, தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி அணிந்து, வாய்க்கு முகமூடி போட்டு, கையுறை மாட்டி, காற்று வீசும் ஒரு சிறு கூண்டில் நின்று சுற்றிய பிறகே உள்ளே காலடி வைக்கலாம். உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு பட்டியல் தொங்கியது. வாசனைத் தைலம் கூடாது, புகையிலை கூடாது, மோதிரம் கூடாது, இருமல் உள்ளவர் வரக்கூடாது. பரமலிங்கம் அதை வாசித்துக்காட்டச் சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டு, "மச்சம் மாமிசம் சாப்பிட்டிட்டு வரலாமோ?" என்று கேட்டார். அது பட்டியலில் இல்லை என்றேன். "அப்ப இவை பாதிதான் யோசிச்சிருக்கினம்," என்றார்.

ஒரு கோடையில் புதிய சாமான் ஒன்று வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் கொளுக்கி. நாய்ச் சங்கிலியின் நுனியில் இருப்பதைப் போன்ற உருவந்தான். ஒரு பக்கம் வளைவு, மறுபக்கம் சுருள் வில்லு வைத்த கதவு. கயிற்றை உள்ளே விட்டால் கதவு தானாக மூடிக்கொள்ளும். விண்கலத்துக்கு வெளியே வேலை செய்யும் மனிதர் தம்மைக் கலத்தோடு பிணைத்துக்கொள்வது இதனால்தான் என்று பொறியியலாளர் ஹெலன் எங்களுக்கு விளக்கினார். ஐம்பது வயதைத் தாண்டிய, குரலை உயர்த்தாத பெண்மணி. கதவு மூடும்போது எழும் சிறு ஒலியைக் காதால் கேட்கவேண்டும், பிறகு மூன்றுமுறை இழுத்துப் பார்க்கவேண்டும் என்று செய்துகாட்டினார். செய்மதிச் சாமானை ஒருமுறை சோதித்தால் இதைப் பத்துமுறை சோதித்தோம். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு கையெழுத்து.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் பரமலிங்கம் ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப இதில ஆள் தொங்குமோ?"

"ஓம். ஆள்தான்."

யாரும் பார்க்காத வேளையில் நான் அந்தக் கொளுக்கிக்குள் எனது சுட்டுவிரலை விட்டுப் பார்த்தேன். கதவு வந்து விரலை மெல்லப் பிடித்துக்கொண்டது. இதை இங்கு குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு.

கடிதத்தில் வந்தது

அக்காலத்தில் பரமலிங்கத்தின் மனைவியும் பன்னிரண்டு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களை இங்கே அழைப்பதற்கான விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். ஒரேயொரு தாள் குறைவாக இருந்தது. நிரந்தர வேலையில் இருக்கிறார் என்று தொழிற்சாலை முகாமையாளர் கையெழுத்திட்ட கடிதம். அந்த வாரக் கடைசியில் தருவதாக முகாமையாளர் சொல்லியிருந்தார்.

புவனேஸ்வரி வாரம் ஒரு கடிதம் எழுதுவார். கடிதத்துக்குள் கோயிலில் அருச்சனை செய்த திருநீற்றைச் சிறு தாளில் மடித்து வைத்திருப்பார். பரமலிங்கம் அதை ஊசிமருந்துபோல் பாதுகாத்தார்.

நம்மவர் புதுச் சாமானுக்குத் திருநீறு பூசுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தையல் இயந்திரத்துக்குப் பூசுகிறோம், சோதனை எழுதப் போகும் பேனாவுக்குப் பூசுகிறோம். மார்க்கம் நகரில் ஓர் இளம் மென்பொருளாளர் மின்சாரத்தில் ஓடும் புதுக் காரின் நான்கு சில்லுக்கும் தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம், வைத்து நசித்ததை அண்மையில் நானே பார்த்தேன். கார் தானாகவே ஓடுமாம். தேசிக்காயை மட்டும் ஆள் வைக்கவேண்டியிருந்தது.

பரமலிங்கம் செய்ததும் அதுவே. கடைசிச் சோதனை முடிந்து, கொளுக்கி மெத்தை வைத்த பெட்டிக்குள் கிடந்தது. கையுறைக்குள் மறைத்துக் கொண்டுவந்த தாளை விரித்து, நுனிவிரலால் ஒரு சிட்டிகை தொட்டு, வளைவின் உட்பக்கத்தில் வைத்தார். கண்ணை மூடினார். பெட்டியையும் மூடினார்.

மொழிபெயர்ப்பாளன்

பெட்டி மறுநாள் மதியம் போகவேண்டும். எதற்கும் இன்னொருமுறை பார்ப்போமென்று ஹெலன் அதைத் திறந்தார். அவருடைய வழக்கம் அது. ஒட்டுநாடாவைக் கொளுக்கியில் ஒற்றி எடுத்து, விளக்கின் கீழே பிடித்தார். நாடாவில் வெள்ளையாக ஒரு தடம்.

அவர் கோபப்படவில்லை. எங்களிருவரையும் அழைத்து, இது என்னவென்று தெரியுமா என்று கேட்டார்.

நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். பரமலிங்கம் கொஞ்சமும் தயங்கவில்லை.

"திருநீறு எண்டு சொல்லும் மாஸ்ரர். ஆள் போற சாமான் எண்டபடியால் பூசினனான். மற்றதுகளுக்கு ஒண்டுக்கும் பூசேல்லை, அதுகளில ஆள் போறேல்லை, அதையும் சொல்லும்."

அவருக்கு அது குற்றமாகவே தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சுவரிலிருந்த பட்டியலை வாசித்தவன் நான். முகாமையாளரின் மேசையில் இருந்த கடிதத்தையும் நான் அறிவேன். ஹெலன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முகப்பவுடர்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "காலையில் சவரம் செய்தபின் போட்டிருக்கிறார். கையுறையில் ஒட்டியிருக்கவேண்டும்."

அவர் மேலும் ஒரு கேள்வி கேட்டார். மாவைப்போல் மென்மையானதா, அல்லது கரகரப்பு உள்ளதா? மென்மையானது என்றேன். அப்படியானால் திரவத்தில் ஒருமுறை கழுவினால் போதும், கழற்றத் தேவையில்லை, நாளைக்கே அனுப்பலாம் என்றார். பரமலிங்கத்தை எச்சரித்துவிட்டுப் போனார்.

"என்ன சொல்லுறா?" என்றார் பரமலிங்கம்.

"இனிச் செய்யவேண்டாம் என்கிறார்."

"நல்ல மனுசி," என்றார் அவர்.

பேருந்தில்

மாலை பேருந்தில் அவரிடம் உண்மையைச் சொன்னேன். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. எங்களுக்கு முன்னாலிருந்த பெண்ணின் மடியில் ஒரு தர்ப்பூசணிப் பழம் இருந்தது. பேருந்து திரும்பும்போதெல்லாம் அதை இரு கையாலும் அணைத்துப் பிடித்தாள்.

"பவுடரோ?" என்றார் பரமலிங்கம். "திருநீற்றைப் பவுடர் எண்டு சொன்னனீரோ?"

"சொல்லாவிட்டால் உங்கட வேலை போயிருக்கும், பரமண்ணை. கடிதமும் வராது."

அவர் அந்தத் தர்ப்பூசணியைப் பார்த்தார்.

"இப்ப வேலை போகாதோ?"

"போகாது."

"அப்ப விடும்."

விடத்தான் நானும் எண்ணினேன். ஆனால் ஹெலன் கேட்ட இரண்டாவது கேள்வி எனக்குள் கிடந்தது. திருநீறு மென்மையானதன்று. விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நுண்ணிய மணல் போன்ற ஒன்று அதில் இருக்கும். வில்லுக்குள் அது புகுந்தால் மேலாகக் கழுவுவதால் போகாது. அதனால் கதவு முழுதாக மூடாமல் நிற்கக்கூடும். இதைப் பரமலிங்கத்துக்குச் சொன்னேன்.

"ஒரு சிட்டிகை, மாஸ்ரர். திருநீறு ஆருக்கும் கெடுதல் செய்யாது. அது காவல்."

"காவல்தான். ஆனால் வில்லுக்கு அது தெரியாதே."

"நீர் பேசாம இரும். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன். பிள்ளை வந்து சேரட்டும்."

நான் சரி என்றேன். அதையும் இங்கே எழுதிவைக்கவேண்டும். சரி என்றுதான் சொன்னேன்.

மறுநாட் காலையில் ஒரு பேருந்து முன்னதாக ஏறிப் போய் ஹெலனின் அறைக் கதவைத் தட்டினேன்.

கோப்பு

நேற்று நான் சொன்னது பொய், அது சாம்பல், எங்கள் சமயத்தவர் நெற்றியில் பூசுவது என்றேன். அவர் பெட்டியைக் கொண்டுவரச் செய்து, கொளுக்கியை மேசையில் வைத்து வில்லைக் கழற்றினார். பிறகு, வேறு எந்தெந்தப் பெட்டிகளில் பரமலிங்கம் இவ்வாறு செய்திருக்கிறார் என்று கேட்டார். முந்திய மாதங்களில் அனுப்பிய அனைத்தையும் திருப்பி அழைக்கவேண்டிய நிலை வரலாம் என்பதை அவரது முகம் சொன்னது.

பரமலிங்கம் வேலைக்கு வந்ததும் அவரை அழைத்தார்கள். கழற்றிக் கிடந்த கொளுக்கியை அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கேள்வியை மொழிபெயர்த்தேன்.

"இதுக்கு மட்டும்தான்," என்றார். "மற்றதுகள் மெசின். மெசினுக்கு நான் ஏன் பூசப்போறன்? இதிலதான் ஆள் போகுது."

இம்முறை ஒரு சொல்லும் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ஹெலன் அதைத் தமது குறிப்பேட்டில் எழுதினார். எழுதிவிட்டு நீண்டநேரம் அதையே பார்த்தார். மற்றைய பெட்டிகள் எதையும் திருப்பி அழைக்கவில்லை. பரமலிங்கத்தின் சொல்லை ஹெலன் நம்பினார்.

எஞ்சிய திருநீற்றைத் தாளோடு வாங்கி, ஒரு கண்ணாடித்தாள் பைக்குள் இட்டு, இலக்கம் எழுதி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். கோயில் திருநீற்றுக்கு ஒரு கோப்பு உண்டானது. உடை மாற்றும் அறைப் பட்டியலின் அடியில், சாம்பலும் கூடாது என்று ஒரு வரி புதிதாக ஏறியது. கொளுக்கி ஒரு வாரம் பிந்திப் போனது.

பரமலிங்கத்தை வேலையால் நிறுத்தவில்லை. சாமான் இறக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். விசாரணை முடியாமல் கடிதத்தில் கையெழுத்திட முடியாது என்றார் முகாமையாளர். கோடையில் வரவேண்டிய கடிதம் பனிக்காலத்தின் கடைசியில் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் கொழும்பு லொட்ஜில் மகள் பெரியபிள்ளையானாள். சடங்கின் படங்கள் தபாலில் வந்தன. தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில் லொட்ஜ் முதலாளி நின்றார். பரமலிங்கம் அப்படங்களை எனக்குக் காட்டினார். அன்றிலிருந்து இப்பட்டிமன்றம் வரை அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை.

திரும்பும் செலவு

எனது உரையில் நான் கூறியவற்றை இங்கு சுருக்கிச் சொல்வது முறையாகும். ஏனெனில் அவற்றை நான் இன்றும் நம்புகிறேன்.

முழங்கால் வைத்தியரைப் பார்ப்பதற்கு நமது சங்கத்தவர் மாதக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். நல்ல தண்ணீர் இல்லாத ஊர்கள் இந்நாட்டிலேயே உண்டு. சந்திரனிலிருந்து கல்லை எடுக்க இயந்திரம் போதும். அதற்குப் பசி இல்லை, நித்திரை இல்லை, காய்ச்சல் இல்லை. முக்கியமாக, அது திரும்பி வரவேண்டியதில்லை. இயந்திரத்தை அனுப்புகிறவன் போகும் வழியை மட்டும் சிந்திக்கலாம். மனிதனை அனுப்புகிறவன் திரும்பும் வழியையும் கட்டவேண்டும். செலவின் பெரும்பகுதி அதில்தான் போகிறது. இப்படிச் சொன்னபோது பெரிய கைதட்டல் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் ஒருவழிப் பயணச்சீட்டில் வந்தவர்கள் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

எதிரணியில் பேசிய ஓய்வுபெற்ற தபால் ஊழியர், விண்வெளி ஆராய்ச்சியால் கிடைத்த பயன்களை நன்றாகவே எடுத்துரைத்தார். ஒருநாள் மனிதர் சந்திரனில் வீடு கட்டி வாழ்வர் என்றும் முடித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அங்கையும் வீடு விக்கிற எங்கட ஏஜென்ற் ஒருத்தன் இப்பவே 'விற்பனைக்கு' எண்டு போட் நட்டிருப்பான்," என்றது. அதோடு அவ்வணியின் பலம் போயிற்று.

வெற்றி உறுதி என்ற நிலையில்தான் பரமலிங்கம் எழுந்து நின்றார்.

பதில்

"மாஸ்ரர், பதில் சொல்லும்," என்றார் மீண்டும்.

சபையினருக்கு விளங்கவேண்டுமென்பதால், மேலே எழுதிய வரலாற்றைச் சில வாக்கியங்களில் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாருக்கும் சொல்லாத ஒன்று அது; சொல்லி முடிக்க இரண்டு நிமிடங்கூட எடுக்கவில்லை.

"அந்தக் கொளுக்கிக்குள் எனது விரலை விட்டுப் பார்த்திருந்தேன், பரமண்ணை," என்றேன். "வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை."

"விரலை விட்டனீரோ." என்றார். "என்ர பிள்ளையின்ர சடங்குக்கு நான் நிக்கேல்லை. அந்த ஆளின்ர பேராவது உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"இண்டைக்கு மேடையில ஏறி, அந்த ஆளை அனுப்பினதே வீண் எண்டு சொல்லுறீர். அண்டைக்கு அந்த ஆளுக்காக என்ர குடும்பத்தைத் தள்ளி வைச்சனீர். இரண்டில எது சரி? அதைத்தான் கேக்கிறன்."

நடுவர் மணியில் கை வைத்தார், அடிக்கவில்லை.

அனுப்புவது வீண் என்பது எனது கருத்து. ஒருவர் போகத் துணிந்தபின் அவரது கயிற்றின் கொளுக்கி மூடவேண்டும் என்பதும் எனது கருத்து. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக அன்றும் எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. ஆனால் அவர் கேட்டது அதுவன்று. தம் வீட்டுக் கதவை அடைத்துவைத்து எவரோ ஒருவரின் கதவை ஏன் பூட்டினீர் என்று கேட்டார்.

அப்போது புவனேஸ்வரி அவரது சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சாருங்கோ, அது நான் அனுப்பின திருநீறோ?"

"ஓம்."

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."

"என்னெண்டு சொல்லுறது? உன்ர திருநீறாலதான் பிந்தினது எண்டு சொல்லுறதோ? நீ இப்ப சும்மா இரு."

"எனக்குச் சும்மா இருக்கத் தெரியும். ஒண்டரை வருசம் லொட்ஜில சும்மா இருந்து பழகினனான்."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. தமது கைப்பையை மடியில் நேராக வைத்தார்.

"வெளியில கயித்தில நிண்ட அந்தாளுக்கும் வீட்டில ஒருத்தி பாத்துக்கொண்டு இருந்திருப்பாள்தானே," என்றார். "எனக்கு எட்டு மாசம் பிந்தினது. பிந்தினாலும் நீங்கள் எயாப்போட்டில நிண்டனீங்கள். அவளின்ர ஆள் வராமப் போயிருந்தால் அவள் ஆரிட்டைக் கேக்கிறது?"

பரமலிங்கம் முன்னாலிருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

நடுவர் இப்போது மணியை அடித்தார். அடிக்கவேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை.

தீர்ப்பு

தீர்ப்பு எங்கள் அணிக்கே கிடைத்தது. ஆனால் நடுவர், எதிரணிக்காகச் சிறப்பாகப் பேசியவர் திருமதி பரமலிங்கம் என்றும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். புவனேஸ்வரி ரோல்ஸ் எடுக்க ஏற்கெனவே படியிறங்கிவிட்டிருந்தார்.

எனது கண்பார்வை காரணமாக நான் வாகனம் ஓட்டுவதை நிறுத்திப் பல ஆண்டுகளாகின்றன. பரமலிங்கம்தான் என்னைக் கூட்டங்களுக்கு ஏற்றி இறக்குபவர். அன்று எப்படி வீடு போவது என்று எண்ணியபடி வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் நின்றேன். உழுது குவித்த பனி கறுத்து, மூலையில் ஒரு சிறு மலையாகக் கிடந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து ஓடிற்று.

அவரது கார் எனக்கு முன்னால் வந்து நின்றது. பின் இருக்கையில் புவனேஸ்வரி, மடியில் ரோல்ஸ் பெட்டி.

"ஏறும்," என்றார் பரமலிங்கம்.

ஏறினேன். இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டினேன். அது மூடிய ஒலி எனக்குக் கேட்டது. அவர் வண்டியை எடுக்கவில்லை. கையை நீட்டி எனது பட்டியைப் பிடித்து இழுத்தார். எப்போதும் அப்படித்தான் செய்வார். வயது போனவரின் பழக்கமென்று நான் அதை ஒருநாளும் கவனித்ததில்லை. அன்றுதான் எத்தனைமுறை என்று எண்ணினேன். மூன்றுமுறை இழுத்தார்.

"பூட்டியிருக்கு, பரமண்ணை," என்றேன்.

"நீர் சொல்லுவீர்," என்றார். நான்காம் முறையும் இழுத்துப் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தார்.